பட்டாம்பூச்சி கிளிப்பும் ஜெல்லி வளையலும்: சிறுவயது அலங்காரப் பெட்டியை மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாம்பூச்சி கிளிப் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கப் போனேன். கூடவே மூன்று ஜெல்லி வளையல்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. கிளிப்பின் இறக்கையில் வளையல் பதிந்து, சூடு பட்டு உருகியது போலப் பள்ளம் விழுந்திருந்தது. சூடு எதுவும் பட்டிருக்க வழியில்லை. அந்தத் தகரப் பெட்டி பல வருடங்களாக அலமாரியின் மேல்தட்டில், மூடியைக்கூடத் திறக்காமல், பத்திரமாக இருந்தது. அந்தப் பத்திரம்தான் அவற்றைக் கெடுத்திருக்கிறது.

வகுப்பு முழுவதையும் சில மாதங்களுக்கு ஆட்டிப்படைத்த கைப்பட்டை, கிளிப், மோதிரம், பாதி இதயச் சங்கிலி எல்லாமே ஒரு சீசனுக்கென்று செய்தவை. நாற்பது வயதில் நாம் அவற்றைத் தேடி எடுத்துப் பார்ப்போம் என்று செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ரப்பர், பிவிசி, மலிவு உலோகம், துணி, பேட்டரி என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராதவற்றை நாம்தான் ஒரே டப்பாவில் அடைத்தோம். காலம் கெடுத்ததைவிட அவை ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டது அதிகம். அதனால் இந்த வேலையில் பாதி, பிரித்து வைப்பதுதான். மீதிப் பாதி பழுது பார்ப்பதும், போனதைக் கையால் மறுபடி செய்வதும். ஒரு விடுமுறை நாளை முழுதாக ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

முதல் படி: கழுவாதீர்கள், படம் எடுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். தூசியைத் துடைக்கத் தோன்றும், மோதிரத்தை விரலில் மாட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இருக்கிற கோலத்திலேயே படம் எடுங்கள். எது எதோடு ஒட்டியிருந்தது, எந்த ரப்பர் எந்தச் சங்கிலியைச் சுற்றியிருந்தது என்பதும் படத்தில் விழட்டும். எது எதைக் கெடுத்தது என்று பின்னால் புரிந்துகொள்ள அது உதவும். ஞாபகத்துக்கும் உதவும். நூல்கட்டு (நூலில் பின்னிய நட்புக் கைப்பட்டை) ஒன்றின் ஓரத்தில் இருந்த மைக்கறையைக் கழுவிய பிறகுதான், அது எந்தத் தேர்வு நாளில் பட்ட கறை என்று எனக்கு நினைவு வந்தது. படம் எடுத்திருந்தால் கறையாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் படி: பேட்டரியைக் கழற்றுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி உள்ள பொருள்கள் எல்லாவற்றையும் தனியே எடுங்கள். கால்குலேட்டர் வாச் (காசியோ சி-80 வந்தது 1980-ல்), பையிலும் இடுப்பிலும் தொங்கவிட்ட தமகோச்சி (குட்டித் திரையில் செல்லப்பிராணி வளர்க்கும் பொம்மை; ஜப்பானில் பந்தாய் நிறுவனம் 1996 நவம்பரில் வெளியிட்டது), மின்னும் கம்மல், மின்னும் ஷூ எல்லாம் இதில் சேரும். பட்டன் செல் கசிந்திருந்தால் உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு தெரியும். காரம் கசிந்த படிவு அது. கையுறை போட்டுக்கொண்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஒரே ஒரு சொட்டு வினிகர் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். அடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கசிவே இல்லாவிட்டாலும் செல்லை உள்ளே விட்டுவைக்க வேண்டாம்.

கழற்றிய செல்லை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். சிறு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பழைய செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். இரு பக்கமும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நடக்க நடக்க மின்னும் ஷூ பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1992-ல் எல்.ஏ. கியர் கொண்டுவந்த ஷூ அந்த மோகத்தைக் கிளப்பியது. தொடக்க காலத்து ஜோடிகளின் குதிகாலில் இருந்தது பாதரச ஸ்விட்ச். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் அதை எதிர்த்த பிறகே மாற்றினார்கள். அந்தக் காலத்து ஜோடி உங்களிடம் இருந்தால் குதிகாலை அறுத்துப் பார்க்க வேண்டாம். அப்படியே தனிப் பையில் கட்டி வையுங்கள், அல்லது அபாயகரக் கழிவுகளோடு சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றாம் படி: பொருளைப் பார்த்துப் பிரியுங்கள்

அவசரம் வேண்டாத படி இது. ஐந்து கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெத்தென்ற பிளாஸ்டிக் ஒரு கிண்ணத்துக்கு. ஜெல்லி வளையல், ஜெல்லி செருப்பு, கண்ணாடி போன்ற பர்ஸ், வளையும் சாவிக்கொத்துப் பொம்மை எல்லாம் பெரும்பாலும் பிவிசி. புது மழைக்கோட்டில் அடிக்கும் ஒரு வாசனை அதில் வரும். பழையதாகிவிட்டால் மேலே பிசுபிசுப்பும் இருக்கும். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு மிருதுவாக்கியைக் கலக்கிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் மேலே கசிகிறது. பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் இருந்தால் அதற்குள் இறங்கி அதையும் இளக்குகிறது. என் பட்டாம்பூச்சிக் கிளிப்புக்கு நேர்ந்தது இதுதான்.

அடுத்தது கெட்டிப் பிளாஸ்டிக்: பட்டாம்பூச்சி கிளிப், கிளட்ச், ஹேர்பேண்ட், ஷூ லேஸில் கோத்த பாசி.

ரப்பரும் எலாஸ்டிக்கும் மூன்றாவது. கைப்பட்டை பின்னும் குட்டி லூம் பேண்டுகள், ஸ்கிரஞ்சிக்குள் (முடி கட்டும் சுருக்குத் துணி வளையம்) இருக்கும் எலாஸ்டிக், பாசி கோத்த இழுவைச் சரடு. சிலிகான் கைப்பட்டைகள் பார்வைக்கு இவை போலவே இருந்தாலும் குணத்தில் வேறு. அவை எளிதில் கெடாது. ஒரு முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். பழைய ரப்பர் விரிசல் விட்டு மாவு போல உதிரும். சிலிகான் நேற்று வாங்கியது போல எழும்பித் திரும்பும்.

உலோகம் நான்காவது. வெள்ளியாக இருந்தால் ரப்பரின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். சங்கிலி சிக்காமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டு வைத்த புண்ணியவான்கள் நம்மில் நிறைய. அந்த ரப்பர் இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

நூல், துணி, ரிப்பன் ஐந்தாவது. இந்த ஐந்தில் அதிகம் தாக்குப்பிடிப்பது அதுதான்.

எது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், உலோகம் சேராத சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பிவிசி மூழ்கும். பாலிஸ்டைரீனும் மெதுவாக மூழ்கும், ஆனால் அது கெட்டியாக இருப்பதால் குழப்பம் வராது.

நான்காம் படி: ஒவ்வொன்றுக்கும் அதன் வைத்தியம்

ஸ்லாப் பேண்டில் தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அது என்பதால். மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினால் சட்டென்று சுருண்டு பிடித்துக்கொள்ளுமே, அதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆசிரியர் ஸ்டூவர்ட் ஆண்டர்ஸ் 1980-களில் உருவாக்கியது. 1990-ல் பள்ளிக்கூடங்களைப் பிடித்து உலுக்கியது. உள்ளே இருப்பது எஃகுப் பட்டை. அளவெடுக்கும் எஃகு டேப்பை இழுத்தால் குறுக்குவாட்டில் லேசாகக் குழிந்திருக்கும் அல்லவா? அந்தக் குழிவு இருக்கும்வரை பட்டை நேராக விறைத்து நிற்கும். தட்டும்போது குழிவு ஓரிடத்தில் உடைகிறது. உடனே பட்டை தனக்குள் அடக்கி வைத்திருந்த சுருளுக்குத் தாவிவிடுகிறது. நேர், சுருள் இரண்டும் அதற்கு நிலையான நிலைகள். நடுவில் நிற்க அதற்குத் தெரியாது.

மேலே போர்த்திய துணி நைந்து எஃகு முனை வெளியே வருவதுதான் இதன் குறை. அப்போது பல பள்ளிகள் இதைத் தடை செய்யக் காரணமே அதுதான். மலிவுப் போலிகளின் கூர்முனை பிள்ளைகளின் கையைக் கிழித்தது. முனை தெரிந்தால் அப்படியே கையில் தட்டிப் பார்க்காதீர்கள். பழைய துணியின் ஒரு ஓரத்தைப் பிரித்துப் பட்டையை உருவி எடுங்கள். இரு முனையின் மூலைகளையும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக்கி, துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பட்டையைவிட ஒரு செ.மீ. அகலமும் மூன்று செ.மீ. நீளமும் கூடுதலாகத் துணிக்குழல் தைத்து அதற்குள் செருகி, வாயை இரட்டைத் தையலால் மூடுங்கள். பழைய துணியைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் வடிவமைப்பில்தான் உங்கள் ஞாபகம் இருக்கிறது. ஸ்லாப் பேண்டைச் சுருட்டி வைக்காமல் நேராக வையுங்கள். துணி மடிந்து கிழிவது குறையும்.

மூட் மோதிரம்: நியூயார்க்கில் ஜோஷ் ரெனால்ட்ஸ், மாரிஸ் அம்பாட்ஸ் இருவரும் 1975-ல் கொண்டுவந்தது. கல்லுக்கு அடியில் இருப்பது திரவப் படிகம். அதன் மூலக்கூறுகள் திருகுபோல அடுக்கியிருக்கின்றன. வெப்பம் மாறினால் திருகின் இடைவெளி மாறும், அதோடு அது திருப்பியனுப்பும் நிறமும் மாறும். சூடான விரலில் நீலம், குளிர்ந்த விரலில் கறுப்பு. மனநிலையைச் சொன்னதாக நாம் நம்பியது விரலின் சூட்டைத்தான். ஆனாலும் பதற்றத்தில் விரல் சில்லிடுவது உண்மை. ஆகையால் தேர்வறை வாசலில் எல்லோருடைய மோதிரமும் கறுத்ததை வெறும் கற்பனை என்று நான் தள்ள மாட்டேன்.

மோதிரத்தை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். நிறம் வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். படிகம் போய்விட்டது என்று அர்த்தம். அதை மீட்க வழியில்லை. கொதிநீரில் காட்டுவது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாம் நன்றாக இருக்கும் மோதிரத்தையும் கொன்றுவிடும். உயிருள்ள மோதிரத்தைத் தண்ணீரில் நனைக்காமல் உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

ஸ்கிரஞ்சி: ரோமி ரெவ்சன் 1987-ல் காப்புரிமை பெற்றார். ஸ்குன்சி என்பது அவர் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர். பொருளுக்கும் முதலில் அந்தப் பெயரையே வைத்தார். துணி நன்றாக இருக்கும், எலாஸ்டிக் மட்டும் செத்திருக்கும். தையலை இரண்டு செ.மீ. மட்டும் பிரித்து எலாஸ்டிக்கை எட்டிப் பிடித்து வெட்டுங்கள். வெட்டிய ஒரு முனையில் புது எலாஸ்டிக்கை ஊக்கால் கோத்து, மறுமுனையைப் பிடித்து இழுங்கள். பழையது வெளியே வர, புதியது அதன் பின்னாலேயே உள்ளே போய்ச் சேரும். பழையது உள்ளே துண்டு துண்டாக நொறுங்கியிருந்தால் இது நடக்காது. உதறிக் கொட்டிவிட்டு ஊக்கை மட்டும் குத்திக் குழலுக்குள் நகர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

புதிதாகத் தைப்பதானால் 10 செ.மீ. அகலம், 55 செ.மீ. நீளத் துணி, 20 செ.மீ. எலாஸ்டிக் போதும். துணியின் நீளம் எலாஸ்டிக்கைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் அந்தச் சுருக்கம் செழிப்பாக வரும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாட்டில் மடித்துத் தைத்து, குழலைப் புரட்டி, எலாஸ்டிக்கைக் கோத்து முடிந்து, குழலின் ஒரு வாயை மறு வாய்க்குள் செருகிக் கையால் தைத்து முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்திருந்து, இப்போது கிழிந்துபோன ஒரு பாவாடையோ சட்டையோ கிடைத்தால் அந்தத் துணியிலேயே தையுங்கள்.

கிளிப்புகள்: பட்டாம்பூச்சி கிளிப்பின் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்ப்ரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். பல் குச்சியால் துருவைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, பத்து முறை மெதுவாகத் திறந்து மூடுங்கள். இறக்கை உடைந்திருந்தால் சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனால் மறுபடி முடியில் மாட்டும் அளவுக்கு வலு வராது. டிக்-டாக் கிளிப்பில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தால் அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கை பூசுங்கள்.

சிலிகான் கைப்பட்டைகளுக்கு வேலை மிகக் குறைவு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2004 மே மாதம் வந்த மஞ்சள் லிவ்ஸ்ட்ராங் பட்டை கோடிக்கணக்கில் விற்று, உலகம் முழுக்க வாசகம் பொறித்த பட்டைகள் பெருக வழிவிட்டது. 2010-ல் பெரும் மோகமான, விலங்கு வடிவச் சில்லி பேண்ட்ஸை மணிக்கட்டில் போட்டால் வட்டமாகும், கழற்றிப் போட்டால் மறுபடி யானையாகும். அந்த வடிவிலேயே அச்சில் வார்த்து இறுக்கியதால்தான் அது திரும்பி வருகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும்.

பிசுபிசுத்த பிவிசி பொருள்களை அப்படிச் சட்டென்று முடிக்க முடியாது. மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். சில மாதத்தில் பிசுக்கு மறுபடி வரும். உள்ளே மிச்சம் இருப்பது வெளியே வருகிறது, அவ்வளவுதான். பவுடர் தூவாதீர்கள். அது பிசுக்கோடு சேர்ந்து அழுக்குத் தோலாக மாறிவிடும்.

மஞ்சளித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று பிரபலம். செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. திட்டுத் திட்டாக வெளுக்கிறது, மஞ்சள் பல சமயம் திரும்பியும் வருகிறது. தமகோச்சியின் ஓடு மஞ்சளித்திருந்தால் அது அதன் வயது.

ஐந்தாம் படி: நூல்கட்டு பின்னுவது

பெட்டியிலிருந்த நூல்கட்டுகளில் ஒன்றாவது அறுந்திருக்கும். எப்படிப் பின்னினோம் என்பது விரலுக்கு மறந்திருக்கும். ஒரு வரிசை பின்னினால் திரும்பி வந்துவிடும்.

எம்பிராய்டரி நூல் ஆறு நிறத்தில், ஒவ்வொன்றும் 80 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் பத்து செ.மீ. விட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு. முடிச்சை மேசையில் டேப்பால் ஒட்டுங்கள், அல்லது ஊக்கால் தலையணையில் குத்துங்கள். ஆறு நூலையும் பக்கம் பக்கமாகப் பரப்புங்கள்.

இடது ஓர நூலை எடுத்து, இரண்டாவது நூலின் மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். எண் 4 எழுதியது போல ஒரு வளைவு தெரியும். இப்போது அதன் நுனியை இரண்டாவது நூலுக்கு அடியில் விட்டு, அந்த வளைவின் வழியாக மேலே எடுங்கள். இரண்டாவது நூலை இடது கையில் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முதல் நூலை மேலே இழுத்து இறுக்குங்கள். விறைப்பாக நிற்க வேண்டியது இரண்டாவது நூல். நகர்ந்து முடிச்சாவது முதல் நூல். இது மாறிப்போனால் நிறமும் மாறிப்போகும். அதே இரண்டு நூலில் இன்னொரு முறை இப்படியே செய்யுங்கள். இரண்டு முடிச்சு சேர்ந்ததே ஒரு புள்ளி.

அதே முதல் நூலை மூன்றாவதின் மேல் இரண்டு முடிச்சு, நான்காவதின் மேல் இரண்டு, ஐந்தாவது, ஆறாவது என்று கொண்டுபோனால் அது வலது ஓரத்துக்கு வந்து சேரும். சாய்ந்த ஒரு கோடு முடிந்தது. இப்போது இடது ஓரத்தில் வேறு நிறம் நிற்கும். அதை வைத்து அடுத்த கோடு. மணிக்கட்டைச் சுற்றி வரும் அளவுக்கு இதையே தொடருங்கள்.

தவறு எங்கே வரும் என்றால், இரண்டாவது முடிச்சை மறப்பதில். அப்போது புள்ளி முறுக்கிக்கொண்டு கோடு பல் விழுந்தது போலத் தெரியும். ஊசி நுனியால் உடனே அவிழ்த்துவிடுங்கள். நாலு வரிசை தாண்டிப் பார்த்தால் அவிழ்க்க மனசு வராது. பின்னல் ஓலைபோலச் சுருண்டால் அதிகமாக இறுக்குகிறீர்கள் என்று பொருள். முடிந்ததும் லேசாக நனைத்து, தட்டையாக வைத்து, மேலே கனமான ஒன்றை ஏற்றி வையுங்கள், நேராகிவிடும்.

பழைய நூல்கட்டை அழுக்கு எடுக்க ஆசைப்பட்டால், முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டால் ஆறிய தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்.

லூம் பேண்டு பின்னத் தெரிந்த தலைமுறைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ரெயின்போ லூமை உருவாக்கிய சியோங் சூன் இங், அமெரிக்காவில் கார் விபத்துச் சோதனைப் பொறியாளராக வேலை பார்த்தவர். மகள்கள் ரப்பர் பேண்டில் கைப்பட்டை பின்னுவதைப் பார்த்து, தடித்த தன் விரலால் முடியாமல், பலகையில் குண்டூசி அடித்து முதல் தறியைச் செய்தார். 2013-ல் அது உலக மோகம் ஆனது. பழைய லூம் பேண்டுகள் பெரும்பாலும் நொறுங்கிப் போயிருக்கும். அவற்றைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம்; நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சுருங்கும் பிளாஸ்டிக்கில் தொங்கட்டான்

வளையலில் தொங்கவிட்ட குட்டிப் பிளாஸ்டிக் படங்கள் தொலைந்துபோயிருந்தால் நீங்களே செய்யலாம். ஷ்ரிங்க் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். பாலிஸ்டைரீனைச் சூடாக இருக்கும்போது இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிர்வித்த தகடு அது. மறுபடி சூடு பட்டால் பழைய அளவுக்குத் திரும்பும்: நீளமும் அகலமும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும், அதற்கேற்பத் தடிமன் பல மடங்கு கூடும்.

ஆகவே வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு பெரிதாக, சொரசொரப்பான பக்கத்தில் கலர் பென்சிலால் வரையுங்கள். நிறத்தை இளசாகப் போடுங்கள். சுருங்கும்போது நிறம் அடர்ந்து கறுத்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். வளையம் மாட்டும் துளையைச் சூடாக்குவதற்கு முன்பே போடுங்கள், காகிதத் துளைக் கருவி போடும் அளவில். சுருங்கிய பிறகு துளைத்தால் உடைந்துவிடும். பேக்கிங் தாளின் மேல் வைத்து, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் சூட்டில் ஓவனில் வையுங்கள்; பெரும்பாலும் 160 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தகடு நெளிந்து சுருண்டு எழும்பும். கெட்டுவிட்டது என்று பதறி வெளியே எடுக்காதீர்கள். அது தானே மறுபடி படியும். படிந்தபின் அரை நிமிடம் விட்டு எடுத்து, உடனே தட்டையான ஒன்றால் சில நொடி அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏழாம் படி: குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்

நம் பெட்டியை நம் பிள்ளை கையில் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். துணி, நூல், ஸ்கிரஞ்சி தாராளமாகக் கொடுங்கள். எங்கே செய்தது என்று தெரியாத உலோகத் தொங்கட்டானை மட்டும் கொடுக்காதீர்கள். 2006-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நான்கு வயதுச் சிறுவன், ஷூவோடு இலவசமாக வந்த இதயத் தொங்கட்டானை விழுங்கி ஈய நஞ்சால் இறந்தான். அந்தத் தொங்கட்டானில் 99 சதவீதம் ஈயம். அதன் பிறகே 2008-ல் அங்கே குழந்தைகள் பொருள்களுக்கான சட்டம் கடுமையானது. ஈய வரம்பு இப்போது பத்து லட்சத்தில் 100 பங்கு. நம் பெட்டியில் இருப்பவற்றில் பல அந்தச் சட்டத்துக்கு முந்தியவை.

அளவுக்கு மீறிய கனம், நகத்தால் கீறினால் விழும் கோடு, வெள்ளைத் தாளில் தேய்த்தால் வரும் சாம்பல் நிறக் கோடு எல்லாம் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள். மேலே முலாம் இருந்தால் இவை எதுவும் தெரியாது என்பதால், கோடு வரவில்லை என்று நிம்மதி அடைய முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டுங்கள், பார்த்து ரசிக்கட்டும்.

தோலில் பச்சை படிவது செம்பால், கழுவினால் போய்விடும். அரிப்பும் கொப்புளமும் வந்தால் நிக்கல். தோலில் படும் நகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் நிக்கல் என்று வரம்பு வைத்திருக்கிறது. பழைய மோதிரங்கள் அதைப் பார்த்துச் செய்தவை அல்ல. கழுத்தை ஒட்டிய சோக்கரையும் அவிழாத சரடையும் விளையாடப் போகும் குழந்தை போடவே கூடாது. பத்துப் பதினைந்து சில்லி பேண்ட்ஸை ஒரே கையில் இறுக்கமாக ஏற்றிக்கொண்டு தூங்க விடாதீர்கள்.

எட்டாம் படி: திரும்ப அடுக்குவது

ஒரே பெட்டி போதும். உள்ளே அறைகள் வேண்டும். நூலும் துணியும் அமிலமில்லாத மெல்லிய தாளில். உலோகம் தனித்தனிச் சிறு பைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு. கெட்டிப் பிளாஸ்டிக் ஒரு அறையில். பிவிசி ஒவ்வொன்றையும் சிலிகான் பூசிய பேக்கிங் தாளில் தனியாகச் சுற்றுங்கள். முடிந்தால் வேறு பெட்டியில் வையுங்கள். ரப்பர் ரகங்கள் வெளிச்சம் படாத உறையில், வெள்ளியிலிருந்து தூரமாக. பெட்டியை அலமாரியின் உச்சியில் வைக்க வேண்டாம், சூடு அங்கேதான் தங்கும். நடுத்தட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, பிசுபிசுப்பும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பதாம் படி: சீட்டு எழுதுங்கள்

இந்தப் பொருள்களில் முக்கால்வாசி கை மாறி வந்தவை. ஒரு ஸ்லாப் பேண்டுக்கு இரண்டு கிளிப், ஒரு யானைக்கு ஒரு டால்பின் என்று பேரம் பேசி வாங்கியவை. யாரிடமிருந்து வந்தது, எதைக் கொடுத்து வாங்கினீர்கள், எந்த வகுப்பு, ஏன் கழற்றினீர்கள் என்பதைப் பென்சிலால் சிறு சீட்டில் எழுதி அந்தந்தப் பொருளோடு வையுங்கள். பேனா மை கசிந்து துணியில் ஏறும். ஞாபகம் வராத பொருளுக்கு வெற்றுச் சீட்டு வைத்துவிட்டு, பழைய நண்பர் யாருக்காவது படம் அனுப்பிக் கேளுங்கள். எனக்கு அப்படி நான்கு சீட்டுகள் நிரம்பின.

பாதி இதயச் சங்கிலியோடு நான் வைத்திருக்கும் சீட்டு இது: "ஏழாம் வகுப்பு. இடது பாதி என்னிடம். வலது பாதி பக்கத்து பெஞ்சில் இருந்தவளிடம். சண்டை வந்து அவள் பாதியைத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டேன் என்றாள். நல்லவேளை தரவில்லை. போன மாதம் படம் அனுப்பினாள். கொக்கி மட்டும் துருப்பிடித்திருக்கிறது."